மூன்று வாட்ஸில் பேஸ் கேட்காது

பேஸ் கிற்றார்களையும் அம்ப்களையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் மரத்தைப் பற்றி எழுதுவார்கள், பிக்கப்பைப் பற்றி எழுதுவார்கள், எத்தனை வாட்ஸ், எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்று எழுதுவார்கள். சுவரில் ஒரு பிளக் இருக்கு எண்டதை மட்டும் ஒருத்தரும் எழுதமாட்டினம். அது எப்பவும் இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் மிச்சக் கதை முழுக்க நடக்கும். நான் கிளிநொச்சி. எட்டு வருசமாகப் பேஸ் வாசிக்கிறேன், தேவாலயத்தில், கோவில் திருவிழா மேடையில், கல்யாண வீடுகளில், இப்ப பல்கலைக்கழகத்தில். எங்கட ஊருக்கு எந்தப் பேஸ் நல்லது, எந்த அம்ப் நல்லது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஆனால் ஏன் என்று கேட்டால், அந்தப் பதில் வன்னிக்கு மின்சாரம் போன கதையாகவும் வந்த கதையாகவும்தான் வருகிறது.

கரண்ட் இல்லாவிட்டால் முதலில் செத்துப்போகிற வாத்தியம் பேஸ் கிற்றார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கரண்ட் தேவையில்லை. சாதாரணக் கிற்றாரின் உடம்பு வெறும் கூடு என்பதால் அம்ப் இல்லாமலே பத்துப் பேருக்குக் கேட்கும். பேஸ் கிற்றாரின் உடம்போ முழு மரக்கட்டை. பிளக் குத்தாமல் அடித்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அதன் தடித்த தந்தியான ஈ ஒரு செக்கனில் 41 தடவைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு எங்கட காது மந்தம். பாடுகிறவரின் குரலுக்குச் சமமாக அது கேட்க வேண்டுமென்றால் பல மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், கனக்க வாட்ஸ் வேண்டும். ஒரு குழுவில் கரண்டைக் கூடக் குடிக்கிற ஆள் பேஸ்காரர்தான்.

இந்த வாத்தியம் பிறந்ததும் ஒரு றேடியோ திருத்துகிறவரின் கையில். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ பெண்டர் என்பவர் 1938 அளவில் றேடியோ திருத்தும் கடை போட்டார். அவருக்குக் கிற்றார் வாசிக்கவே தெரியாது. ஆனால் ஆளுயர டபிள் பேஸைச் சுமந்து திரிகிற வாத்தியக்காரரின் கஷ்டம் தெரிந்தது. 1951இல் பிரெசிசன் பேஸ் வந்தது. கிற்றாரைப் போலக் கட்டைகள் பதித்த நெக், 34 அங்குலத் தந்தி நீளம். கட்டைகள் இருப்பதால் சுரம் பிசகாமல் விழும், அதனால்தான் அந்தப் பெயர். இருக்கிற அம்ப்கள் இந்தத் தாழ்ந்த ஒலியைத் தாங்காது என்று உடனே தெரிந்துவிட்டது. அதனால் 1952இல் 15 அங்குல ஸ்பீக்கரோடு பாஸ்மன் என்ற அம்பை அவரே விட்டார். (பகிடி என்னவென்றால் பிறகு வந்த பாஸ்மன்களைப் பேஸ்காரரை விடக் கிற்றார்காரர்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்த முதல் அம்பும் அதைப் பார்த்துச் செய்ததுதான்.) அங்கிருந்து வாட்ஸ் ஏறிக்கொண்டே போனது. 1960இல் ஆம்பெக் கம்பனியின் பி-15 வந்தபோது 25 வாட்ஸ் போதுமாக இருந்தது. மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ரொயிட் கிளப்புகளில் வாசித்தது அதில்தான். 1969இல் அதே கம்பனி எஸ்விரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 வாட்ஸ், 14 வால்வுகள், எட்டு ஸ்பீக்கர் வைத்த பெட்டி. ரோலிங் ஸ்ரோன்ஸ் அந்த வருசம் அமெரிக்கா முழுக்க அதோடுதான் சுற்றினார்கள்.

இந்த ஏற்றம் முழுக்க, கிராமத்துக்கும் வயர் இழுத்து முடித்த ஒரு நாட்டில் நடந்தது. எந்த ஊரின் எந்த மண்டபத்துக்குப் போனாலும் பிளக் இருக்கும்.

எங்கட பக்கத்திலும் அந்தக் காலத்தில் தொடக்கம் மோசமாக இருக்கவில்லை. 1960களின் கடைசியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் தமிழில் பொப் பாடினார்கள், பைலாவின் துள்ளல் தமிழுக்குள் வந்தது, யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி போன்ற குழுக்கள் மேடைகளை நிறைத்தன. அது அப்படியே போயிருந்தால் எங்கட அப்பாமாரின் வயதில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாலைந்து நல்ல பேஸ்காரர் இருந்திருப்பார்கள். எனக்குக் கற்றுத்தர அந்த வயதில் ஒருத்தரும் இருக்கவில்லை.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. வவுனியா நகரத்தில் கரண்ட் இருந்தது, ஓமந்தையைத் தாண்டினால் இருட்டு. தடை செய்த பொருட்களில் சீமெந்து இருந்தது, உரம் இருந்தது, எரிபொருள் இருந்தது, ரோச் லைற்றுக்குப் போடுகிற சாதாரணப் பற்றறியும் இருந்தது. மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கதை உங்களில் கனபேர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். றேடியோவுக்குச் சைக்கிள்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். செய்திக்காக எல்லாரும் மாறி மாறிச் சுற்றுவினமாம். பாட்டு எண்டால் சுத்துறவரின்ர கை நோவைப் பொறுத்ததாம்.

ஒரு சைக்கிள் டைனமோ 6 வோல்ற்ஸ், 3 வாட்ஸ். மேலே சொன்ன எஸ்விரிக்கு நூறு சைக்கிள் வேண்டும். அதுகூடச் சரியான கணக்கில்லை, ஏனென்றால் வால்வ் அம்ப் வெளியே தருவதை விட உள்ளே எடுப்பது அதிகம். நூறு பேரையும் மேடைக்குப் பின்னால் இருத்திப் பெடல் சுற்றவிட்டாலும் எரிகிறது வால்வ் மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் பகிடிக்காக மட்டும் போடவில்லை. டைனமோவில் ஓடுகிற றேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அதில் 41 ஹேர்ட்ஸ் வராது, 80உம் வராது. அப்படியென்றால் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருசம் வன்னிச் சனம் பேஸ் கேட்காமலா இருந்தது? இங்கேதான் ஒரு வடிவான விசயம் இருக்கு. ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிச் சுரம் மட்டும் வருவதில்லை, அதன் மடங்குகளும் கூட வரும். 41, 82, 123, 164, 205 என்று. சின்ன ஸ்பீக்கர் கீழே இருப்பதை விழுங்கிவிட்டு மேலே இருக்கிற மடங்குகளை மட்டும் விடும். மூளை அந்த இடைவெளியைப் பார்த்து, இது 41இன் மடங்குகள் என்று தானாகவே கணக்குப் போட்டு, இல்லாத அடிச் சுரத்தைக் கேட்டதாக நினைத்துக்கொள்ளும். என்ர அப்பா ஒரு பேஸ் கிற்றாரை முதன்முதலில் நேரே பார்த்தது என் கையில்தான். ஆனால் ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படப் பாட்டுகளின் பேஸ் வரியை அவர் வாயால் அப்படியே போடுவார், கட்டை பிசகாமல். இளையராஜாவின் பேஸ் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்காது, அதுக்கெண்டு தனி மெட்டு ஒன்று ஓடும். நெடுங்காலம் அதை அவருக்கு வாசித்தவர் சசிதரன். அந்த வரிகள் மடங்குகளாகவே அப்பாவின் காதுக்குள் போயிருக்கின்றன.

ஆகவே, “வன்னிச் சனத்துக்கு இசையில ரசனை இல்லை, வெறும் சத்தம்தான் வேணும்” என்று வெளியில் இருந்து வருகிற சிலபேர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ரசனை இருந்தது. வாட்ஸ்தான் இருக்கவில்லை.

கோவிலில் என்ன கேட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான் அந்தக் காலத்தின் மேடை. குழாய் வடிவம் ஒரு வாட்ஸில் இருந்து பறிக்கக்கூடிய சத்தம் முழுவதையும் பறித்துவிடும், அதனால்தான் 12 வோல்ற்ஸ் கார் பற்றறியில் ஓடுகிற அம்போடு ஒரு ஊரையே எழுப்ப முடிந்தது. ஆனால் ஏறக்குறைய 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது பெரிதாக எதையும் விடாது. குரல் வரும், நாதஸ்வரம் வரும். தவிலில் வலந்தலை வரும், தொப்பியின் அடி பாதி தொலைந்து போகும். அந்தக் குழாய்க்குள்ளே ஒரு பேஸ் கிற்றாரை விட்டிருந்தால் கட்டையில் தந்தி உரசுகிற சத்தம்தான் வந்திருக்கும்.

இப்ப பேஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி பாசிவ்வா ஆக்ரிவ்வா என்பது. பாசிவ் என்றால் காந்தமும் கம்பிச் சுருளும் தருகிற சிக்னல் அப்படியே வெளியே போகும். ஆக்ரிவ் என்றால் உள்ளே ஒரு சின்னச் சுற்று இருக்கும், அதற்கு 9 வோல்ற்ஸ் பற்றறி வேண்டும். 1976இல் லியோ பெண்டரும் கூட்டாளிகளும் மியூசிக் மான் என்ற பெயரில் விட்ட ஸ்ரிங்ரே இதைப் பிரபலமாக்கியது. பளிச்சென்ற சத்தம், அடித்தவுடன் நெஞ்சில் படும். ஸ்ரூடியோவில் எனக்குக் கொள்ளை விருப்பம். ஆனால் ஆக்ரிவ்வில் மட்டும் ஓடுகிற பேஸில் பற்றறி செத்தால் நடுப்பாட்டில் சத்தம் நிற்கும். பற்றறி ஒன்று கடத்தல் பொருளாக இருந்த ஊரில் அந்த வாத்தியத்துக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது. யமஹாவில் ரிஆர்பிஎக்ஸ் 174 பாசிவ், 304 ஆக்ரிவ். எங்கட பக்கத்துப் பெடியள் 304ஐப் பார்த்து ஆசைப்படுவினம். நான் 174ஐத்தான் கையில் குடுப்பன். இப்ப பற்றறி சந்திக் கடையில் கிடைக்கும், அது தெரியும். ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாமல் மேடை ஏறுகிற வசதி பெரிய வசதி.

2002 ஜனவரியில் தடை பெருமளவு தளர்ந்தது, ஏப்ரலில் ஏ9 சனத்துக்குத் திறந்தது. ஜெனரேற்றர் காலம் அதுதான். கடைகள், மண்டபங்கள், மேடைகள் எல்லாம் ஜெனரேற்றரில் ஓடின. அந்தப் பழக்கம் இன்றைக்கும் விட்டுப்போகவில்லை, வயல்கரைக் கோவில்களில் இப்பவும் நாங்கள் ஜெனரேற்றரில்தான் வாசிக்கிறோம். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஜெனரேற்றரில் இரண்டு பிரச்சினை. ஒன்று, கிக் ட்ரம்மும் பேஸும் ஒன்றாக விழும்போது வோல்ற்றேஜ் சாயும். மேடை பல்ப் பாட்டுக்கேற்ற மாதிரிக் கண் சிமிட்டும். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற நண்பன் ஒருமுறை மீற்றரைப் பிடித்தபோது 230 காட்ட வேண்டியது 190க்கு இறங்கினது. இரண்டாவது பெரிய பிரச்சினை, ஏர்த் இல்லை. ஏர்த் இல்லாத இடத்தில் பிக்கப் இரையும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். பேஸில் ஈ தந்தியின் மூன்றாம் கட்டையில் வருகிற ஜி 49 ஹேர்ட்ஸ். அதாவது இரைச்சல் கிட்டத்தட்ட ஜி-யில், ஆனால் கொஞ்சம் கூடலாக நிற்கும். ஜி-யை ஆதாரமாக வைத்த பாட்டு என்றால் உங்கட சுரமும் ஜெனரேற்றரின் சுரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கேட்கிறவருக்குச் சுருதி சேரவில்லை போல இருக்கும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், அது பி-க்குக் கிட்ட. அவைக்கு அவையின்ர தலையிடி.

பிரெசிசனா ஜாஸா என்ற பழைய சண்டை எனக்கு முடிந்தது இந்த இடத்தில்தான். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப். இரண்டையும் முழுக்கத் திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டும். ஆனால் ஜாஸின் இனிப்பான, மூக்கால் பாடுகிற மாதிரியான சத்தம் வர, ஒன்றைக் குறைத்தால்தான் வரும். குறைத்த உடனே இரைச்சல் தொடங்கும். பிரெசிசனில் 1957இல் பிக்கப்பை இரண்டு துண்டாக வெட்டி எதிரெதிராகச் சுற்றினார்கள், அது எப்பவும் அமைதி. சத்தமும் நடுப்பகுதியில் திரண்டு நிற்கும், அதனால் மோசமான ஸ்பீக்கரிலும் மெட்டு விளங்கும். மண்டபத்தில், நல்ல வயரிங்கில், ஜாஸ் வாசிக்க எனக்கு ஆசை. ஜெனரேற்றர் மேடைக்குப் பிரெசிசன்.

இரைச்சல் காதுக்கு மட்டும் கேடு. ஏர்த் இல்லாமை உயிருக்கும் கேடு. ஒரு கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் படும்போது சுரீரென்று அடிக்கும், வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் ஸ்ரோன் த குரோஸ் என்ற குழுவின் கிற்றார்காரர் லெஸ் ஹார்வி, ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். அவருக்கு வயது 27தான். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு செப்புக் கம்பியை நிலத்தில் இறக்கி ஏர்த் எடுங்கள் என்று சவுண்ட்காரரிடம் சண்டை பிடிக்கிறது எனக்கு இப்ப வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் விடவே மாட்டேன்.

2006 ஆகஸ்டில் ஏ9 மூடியது. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முள்ளிவாய்க்கால் வரை போனது. லான்ட்மாஸ்ரரில் ஏற்றினது அரிசி, தறப்பாள், சட்டி பானை, ஏலாத கிழவன் கிழவிகள். அம்ப் ஏற்றின ஆளை நான் கேள்விப்படவில்லை.

போர் முடிந்த பிறகுதான் கிளிநொச்சி திரும்பவும் தேசிய மின்வலைக்குள் வந்தது. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவியும் வந்தது. கொழும்பில் வாங்கின பேஸ் ஒன்று ஒரே நாளில் வீட்டுக்கு வரலாம் என்ற நிலைமை அதற்குப் பிறகுதான். கனடாவில் இருந்து மாமா ஒருவர் போனில், “வாங்கினால் வால்வ் அம்ப் வாங்கு, மற்றதெல்லாம் குப்பை” என்றார். அவர் சொன்ன சத்தம் உண்மையிலேயே அருமையான சத்தம். ஆனால் எஸ்விரி தலைப்பெட்டி மட்டும் 40 கிலோவுக்குக் கிட்ட, ஸ்பீக்கர் பெட்டி அதற்கு மேலால். பஸ்ஸில் போய் வாசிக்கிற எங்களுக்கு விடிவு கிளாஸ் டி என்ற வகை அம்பில் வந்தது. எடுக்கிற கரண்டில் கொஞ்சத்தைத்தான் சூடாக வீணாக்கும், அதனால் பெரிய இரும்பு ரான்ஸ்போமரும் வேண்டாம். பெண்டர் ரம்பிள் 100 என்பது 100 வாட்ஸ், 12 அங்குல ஸ்பீக்கர், பத்துக் கிலோ. இப்ப வருகிற பல கிளாஸ் டி அம்ப்கள் ஜெனரேற்றரின் வோல்ற்றேஜ் சாய்வையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சத்தத்தின் சூடு வால்வோடு பார்க்கக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். 2022இல் டொலர் 200 சொச்சத்தில் இருந்து 360 ரூபாய்க்குப் போனபோது அதுவும் கை எட்டாத விலையானது. அந்த மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கொழும்பு நண்பர்கள் பதறினார்கள். எங்கட வீட்டில் அரிக்கன் லாம்பு கையோடு எடுக்கிற இடத்தில்தான் இருந்தது.

இப்ப நிலைமை மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டது. கல்யாணம், திருவிழா, கிரிக்கெற் மட்ச், எல்லாவற்றுக்கும் 18 அங்குல சப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். 50, 60 ஹேர்ட்ஸை ஏற்றிவிட்டால் மெட்டு குழைந்து குழம்பாகிவிடும், சுரம் எது என்று வாசிக்கிற எனக்கே விளங்காது. எங்கட வயதுக்காரருக்கு அது பிடிக்கும். நெஞ்சு அதிர்ந்தால்தான் பாட்டு. எனக்கு அதில் இன்னொரு கவலையும் இருக்கு. எங்கட அம்மம்மா ஒரு திருவிழாவில் சவுண்ட்காரர் சப்பைச் சோதித்துப் பார்த்த நேரம் கதிரையை விட்டு எழும்பி மதில்கரையோரம் போய்க் குந்திவிட்டா. பிறகு ஒன்றுமில்லை என்றா. அவவுக்கு மட்டுமில்லை. செல் விழுகிற சத்தமும் கிபிர் போட்ட குண்டின் சத்தமும் காதால் கேட்டதை விட நிலத்தால் வந்ததுதான் அதிகம் என்று அந்த வயதில் கனபேர் சொல்லுவினம். நிலத்தால் வருகிற அதே அதிர்வைத்தான் இந்தப் பெட்டிகளும் விற்கின்றன. எனக்கு அந்த நாட்கள் ஆறு வயசு, கொஞ்சம்தான் நினைவு. அவைக்கு அப்படியில்லை.

அதற்குப் பிறகு என் அம்பில் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுத்தான் வாசிக்கிறேன். கிற்றாரில் ஜேமர்சன் போட்ட மாதிரித் தட்டையான தந்தி, நடுப்பகுதியைக் கூட்டி, விரல் நுனியின் சதையால் அடி. சத்தம் வட்டமாக வரும், இடிக்காது. மேலே சொன்ன மூளைக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. மடங்குகள் தெளிவாக இருந்தால் அடிச் சுரத்தை முழுப் பலத்தோடு விடாமலே அது இருப்பதாகக் கேட்கும். பெடியள் “பேஸ் காணாது” என்பார்கள். பாட்டு முடிய வந்து, “அந்த இடத்தில என்ன வாசிச்சனீங்கள்?” என்று கேட்பதும் அதே பெடியள்தான், மெட்டு விளங்கினபடியால்.

கடைசியாக, அடிக்கடி கேட்கிறதால சொல்லுறன், ஐந்து தந்திப் பேஸ் தேவையா? அதில் கூடுதலாக வருகிற பி தந்தி 31 ஹேர்ட்ஸ். எங்கட மேடைகளில் வாடகைக்கு வருகிற பெட்டிகளில் அதை ஒழுங்காகத் தருகிற ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அந்தக் காசுக்கு நாலு தந்திப் பேஸும் நல்ல வயரும் ஒரு டிஐ பெட்டியும் வாங்குங்கோ, ஏர்த் கம்பியையும் சேர்த்து.